ஆம்பற் பொய்கைக்கு ஒரு பகற்பயணம்

அயல்நாடு சென்று மீள்வோர் எழுதும் பயணக் கட்டுரைகளில் கோபுரமும் அரண்மனையும் அங்காடித் தெருவும் தவறாது இடம்பெறும். ஏ. கே. செட்டியாரைப் போல் மனிதரையும் அவர்தம் அன்றாட வாழ்வையும் நின்று நோக்கி எழுதியோர் சிலரே. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாரிசு மாநகரில் பதினெட்டு நாள் தங்கியிருந்த நாங்களும் ஈபில் கோபுரத்தைக் கண்டோம். லூவர் அருங்காட்சியகத்தில் கால் கடுக்க நடந்தோம். அவற்றைப் பற்றி எழுதப் பலர் உளர். தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமெனத் துறைத்தலைவர் பணித்தபோது எங்கள் நெஞ்சில் முன்வந்து நின்றது, அந்நகரிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று மீண்ட சிற்றூர்க் குளம் ஒன்றே.

குளம் பார்ப்பதற்குப் பாரிசு வரை போக வேண்டுமா என்று எம் ஊரார் கேட்டனர். கேட்பது முறைதான். கீழப்பாவூரைச் சுற்றிலும் குளங்கள். குற்றால மலையில் பிறந்து இறங்கும் சிற்றாறு எம் வட்டாரத்தின் உயிர். ஆனியிலும் ஆடியிலும் சாரல் பொய்த்தால் வயலும் வாடும், வீடும் வாடும். எம் மக்களுக்குக் குளம் என்றதும் மடையும் மறுகாலும் மீன்பாசிக் குத்தகையும் தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டையும் நினைவுக்கு வரும். ஓவியர் ஒருவர் தாம் வரைவதற்கென்றே குளம் வெட்டினார், அதையே ஏறத்தாழ முப்பதாண்டுகள் வரைந்தார் என்று சொன்னால், பயிர் ஏதும் பாயாத குளம் எதற்கு என்றே அவர்கள் கேட்பார்கள். இக்கேள்வியை நாங்களும் மடியில் கட்டிக்கொண்டே சென்றோம்.

நாங்கள் இருவர். இருவரும் கீழப்பாவூரில் பிறந்தவர்கள். இருவரும் இக்கல்லூரித் தமிழ்த்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள். எங்களுள் மூத்தவரை இளையவர் 'அண்ணாச்சி' என்றே அழைத்துப் பழகிவிட்டமையால் இங்கும் அப்பெயரே நிற்கட்டும். பணிக்காலத்தில் எங்கள் நாள் மிதிவண்டியில் தொடங்கும். விடியலில் பாவூர்சத்திரம் வரை மிதித்து, வண்டியை நிலையத்துக்கருகே நிறுத்திவிட்டு, திருநெல்வேலி செல்லும் மீட்டர் பாதைத் தொடர்வண்டியில் ஏறுவோம். சன்னலோர இருக்கைக்குப் போட்டி நடக்கும். திருத்தப்படாத விடைத்தாள்கள் அவ்வண்டியில்தான் பெரும்பாலும் திருத்தப்பட்டன. 2012இல் அப்பாதை அகலப் பாதையாகி வண்டிகள் விரைவு பெற்றன. அதற்குள் எங்கள் பயணங்கள் குறைந்துவிட்டன.

எங்களை அழைத்தவர் காரைக்காலைச் சேர்ந்த எங்கள் பழைய மாணவர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த ஊராதலின் அங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சு நாட்டில் உறவும் உரிமையும் உண்டு. பாரிசின் புறநகரில் குடும்பத்துடன் வாழும் அவர், "ஐயா, ஒருநாளை எனக்குத் தாருங்கள். இரயிலிலும் சைக்கிளிலும் போய் வரலாம். உங்களுக்குப் பழகியதுதானே!" என்றார். அவ்வூரின் பெயர் ஜிவர்னி. கிளாட் மோனே என்னும் ஓவியர் 1883 முதல் 1926இல் இறக்கும்வரை நாற்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்த ஊர்.

அண்ணாச்சியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்பெறும் தொண்ணூற்றொன்பது மலர்களுக்கும் எம் வட்டார வழக்குப் பெயர்களைத் தேடித் தொகுப்பது அவர் இருபதாண்டுகளாகச் செய்துவரும் பணி. மூலிகை வைத்தியர்களிடமும் ஆடு மேய்ப்போரிடமும் கேட்டுக் கேட்டு எழுதிய குறிப்பேடுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. எந்தப் பூ, என்ன நிறம், எந்தப் பருவம் என்பதே அப்பணியின் சாரம். இந்நிலையில் அவருடைய இரு கண்களிலும் புரை படர்ந்தது. அறுவை செய்துகொள்ளுமாறு மருத்துவர் சொல்லி ஈராண்டுகள் கடந்தும் அவர் இசையவில்லை. அறுபதுகளில் அவருடைய பெரியப்பா ஒருவர் கண் அறுவைக்குப் பின் இருந்த பார்வையையும் இழந்து, பதினோராண்டுகள் திண்ணையிலேயே அமர்ந்திருந்து இறந்தார். அத்திண்ணையைக் கண்டு வளர்ந்தவர் அண்ணாச்சி. "தெரிகிற அளவு தெரியட்டும் தம்பி" என்பதே அவர் விடை. குறிப்பேடுகளை வாசித்துக் காட்டும் வேலை இளையவர் தலையில் விழுந்தது.

பயணம் சான் லசார் நிலையத்திலிருந்து தொடங்கிற்று. இந்நிலையமே மோனேயின் ஓவியங்களில் புகழ்பெற்றது. 1877ஆம் ஆண்டில் இரும்பு உத்திரங்களுக்கும் கண்ணாடிக் கூரைக்கும் கீழே நீராவி எஞ்சின்கள் கக்கிய புகையை அவர் பன்னிரண்டு ஓவியங்களாகத் தீட்டினார். புகைக்கு உருவமும் இல்லை, நிலைத்த நிறமும் இல்லை. கணந்தோறும் மாறுவதைக் கணத்துக்குள் பிடிக்க முயன்றவர்கள் அவரும் அவருடைய நண்பர்களும். 1874இல் அவர்கள் நடத்திய முதற் கண்காட்சியில் மோனேயின் சூரியோதயப் படம் ஒன்றன் பெயரைப் பிடித்துக்கொண்டு இதழாளர் ஒருவர் ஏளனமாக இட்ட பெயரே 'மனப்பதிவு ஓவியர்' என்று அவர்களுக்கு நிலைத்தது. ஏளனப் பெயரைப் பட்டமாக ஏற்று வாழ்ந்தவர்கள் நம் நாட்டிலும் உளர். கண்ணாடிக் கூரை இன்றும் அப்படியே இருக்கிறது; புகைதான் இல்லை.

ரூவான் நகர் நோக்கிச் செல்லும் அவ்வண்டி முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஓடி வெர்னோன் நிலையத்தை அடைந்தது. வழியெல்லாம் சேன் ஆறு ஒருபுறம் தோன்றி மறைந்தது. நிலையத்தின் எதிரேயே மிதிவண்டி வாடகைக்குக் கிடைத்தது. மூன்று வண்டிகள் எடுத்தோம். அண்ணாச்சிக்கு ஓட்டத் தெரியுமா என்று கடைக்காரர் கண்ணாலேயே மாணவரை வினவினார். "நாற்பதாண்டு மிதித்தவன் என்று அவரிடம் சொல்" என்றார் அண்ணாச்சி. அவருடைய துணிவு அவ்வளவில் ஒழிந்தது. அந்நாட்டில் சாலையின் வலப்புறமாகச் செல்லவேண்டும் என்றதும் சற்றுத் தயங்கினார். மாணவர் முன்னே, அண்ணாச்சி நடுவே, இளையவர் பின்னே என்று வரிசை வகுத்துக்கொண்டோம்.

சேன் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் மறுகரையில் பழைய பாலத்தின் எஞ்சிய தூண்களின்மேல் ஒரு பழைய ஆலை வீடு நீரின்மீது தொங்குவதுபோல் நிற்கிறது. மோனே அதையும் வரைந்திருக்கிறார். அங்கிருந்து ஜிவர்னி ஐந்து கிலோமீட்டர். முற்காலத்தில் இப்பகுதியில் ஒரு கிளை இரயில்பாதை இருந்தது. தண்டவாளங்களை அகற்றிவிட்டு அத்தடத்தையே மிதிவண்டிப் பாதையாக்கியுள்ளனர். ஆகவே ஏற்றமில்லை, பேருந்து இரைச்சல் இல்லை. ஒருபுறம் குன்று, மறுபுறம் புல்வெளியும் ஆப்பிள் மரங்களும். மோனே குடும்பத்தோடு வாடகை வீடு தேடி அலைந்த நாளில் இவ்வூரை இரயிலின் சன்னல் வழியே கண்டுதான் விரும்பினார் என்பர். சன்னலோர இருக்கையால் விளைந்த நன்மைகளுள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் அங்கு வந்தபோது செல்வர் அல்லர். முதல் மனைவியை 1879இல் இழந்து, தம் மக்கள் இருவரோடும் பின்னாளில் தாம் மணந்துகொண்ட ஆலிசு அம்மையாரின் மக்கள் அறுவரோடும் குடியேறினார். ஓவியங்கள் விலைபோகத் தொடங்கிய பின் 1890இல் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். வீட்டின் முன்னுள்ள நிலத்தில் பூந்தோட்டம் எழுந்தது. இளஞ்சிவப்புச் சுவர், பச்சைச் சன்னற்கதவுகள், வாயிலிலிருந்து தெருக்கதவு வரை இரும்பு வளைவுகளின்கீழ் நீண்ட பாதை. நாங்கள் சென்ற ஆகஸ்டில் அப்பாதையின் இருமருங்கிலிருந்தும் தரைபடர்ந்து வந்த ஆரஞ்சு நிறப் பூக்கள் நடுவழியை அடைத்துக் கிடந்தன. ஒழுங்கு இல்லாததுபோல் தோன்றும் அத்தோட்டத்தில் எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம் நிற்கவேண்டும் என்பது கணக்கிட்டு நடப்பட்டது. அவரிடம் ஆறு தோட்டக்காரர்கள் பணிசெய்தனர்.

வீட்டுக்குள் செல்ல வரிசை நீண்டிருந்தது. உள்ளே சப்பானிய மர அச்சுப் படங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை சுவரெல்லாம் தொங்குகின்றன. உணவறை முழுதும் மஞ்சள்: சுவர் மஞ்சள், நாற்காலி மஞ்சள், அலமாரி மஞ்சள். அண்ணாச்சி அங்கு நின்றுவிட்டார். "மங்கல நிறம் அப்பா! இப்படி ஒரு வீட்டை நான் கண்டதில்லை" என்று வியந்தார். அடுத்தது அடுக்களை. அங்கே சுவர்களில் பதித்த ஓடுகள் எல்லாம் நீலம். வெண்மையில் நீலக்கோலம் இட்ட ஓடுகள், நீலம் பூசிய மரச்சட்டங்கள், செப்புப் பாத்திரங்கள் வரிசையாக. மஞ்சளிலிருந்து நீலத்துக்குள் நுழையும்போது கண்ணுக்குள் குளிர்ந்த நீர் ஊற்றியதுபோல் இருக்கும்.

"தம்பி, அந்த அறையை இவ்வளவு அழகாக வைத்தவர் இந்த அறைக்கு ஏன் சாம்பல் பூசினார்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

இளையவர் விடை கூறவில்லை. மாணவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்தோர் நெருக்கியமையால் நாங்கள் நகர்ந்தோம். வெளியே வந்ததும் மாணவர் மெல்ல, "ஐயா, அது நீலம்" என்றார். "எந்த அளவுக்கு நீலம்?" என்று கேட்டார் அண்ணாச்சி. எம் தமிழாசிரியர்கள் உவமை தேடுவதில் வல்லவர்கள்; அப்போது எங்களுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. "குவளை அளவுக்கு" என்றார் இளையவர், சற்றுப் பொறுத்து. அதன்பின் நெடுநேரம் அண்ணாச்சி பேசவில்லை.

குளம் சாலைக்கு அப்பால் உள்ளது. மோனேயின் காலத்தில் இரயில் தடத்தையும் சாலையையும் கடந்து செல்லவேண்டியிருந்தது. இப்போது தரைக்கடியில் ஒரு வழி அமைத்துள்ளனர். எங்கள் மடியிலிருந்த கேள்விக்கு இங்குதான் விடை கிடைத்தது. 1893இல் அந்நிலத்தை வாங்கிய மோனே, எப்த் என்னும் ஆற்றின் கிளையோடையிலிருந்து நீரைத் திருப்பிக் குளம் அமைக்க அரசிடம் அனுமதி கேட்டார். எப்த் சேன் ஆற்றில் வந்து கலக்கும் ஒரு சிற்றாறு. எம் ஆற்றுக்கு அதுவே பெயராக அமைந்துவிட்டதை எண்ணிச் சிரித்தோம். ஊரார் எதிர்த்தனர். அவ்வோடையில்தான் பெண்கள் துணி வெளுத்தனர், மாடுகள் நீரருந்தின. எங்கிருந்தோ கொணரும் பெயர்தெரியாத நீர்ச்செடிகள் தண்ணீரை நஞ்சாக்கிவிடும் என்று அஞ்சினர். மோனேயைப் பற்றி எழுதுவோர் பலர் இதனைக் கலையறியாப் பாமரரின் பிடிவாதம் என்று எள்ளிக் கடந்துவிடுகின்றனர். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. கால்வாயின் மேற்பகுதியில் ஒருவர் தடுப்பு வைத்தால் கீழ்ப்பகுதியில் இருப்போர் கேட்கத்தான் செய்வார்கள். எங்கிருந்தோ வந்த ஆகாயத்தாமரை எங்கள் நாட்டுக் குளங்களை மூடிக் கிடப்பதைக் கண்டவர்கள் அவ்வச்சத்தை இகழமாட்டார்கள். அனுமதி அவ்வாண்டே கிடைத்தது, நீர் கெடவில்லை, ஊராரின் கேள்வி மட்டும் நியாயமானதாகவே நிற்கிறது.

அக்குளத்தில் மிதப்பவற்றை நம் இதழ்கள் 'மோனேயின் தாமரைகள்' என்று எழுதிவருகின்றன. தாமரை அங்கு இல்லை. தாமரையின் இலை வட்டமாய் நீர்மட்டத்துக்கு மேலும் உயர்ந்து நிற்கும். அதன்மேல் விழும் துளி உருண்டோடும். அங்கு நீரோடு ஒட்டிக் கிடந்த இலைகள் காம்பு வரை பிளவுபட்டவை. ஆகவே ஆம்பல் அல்லது அல்லி என்பதே சரி. இதனை அண்ணாச்சி கரையில் குனிந்து விரலால் இலையின் பிளவைத் தொட்டுச் சொன்னார். கண்ணால் கண்டு சொன்னாரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. நம் இலக்கியத்தில் ஆம்பல் இரவில் நிலவொளியில் மலரும்; இங்குள்ளவை காலையில் விரிந்து பிற்பகலில் குவிந்துவிடுகின்றன. வெண்மை, இளஞ்சிவப்பு, செம்மை, மஞ்சள் எனப் பல நிறம். ஐரோப்பியக் குளிரைத் தாங்கும் வெள்ளை அல்லியோடு அமெரிக்க இனங்களைக் கலந்து லத்தூர்-மர்லியாக் என்பவர் உருவாக்கிய கலப்பினங்கள் இவை. ஈபில் கோபுரம் எழுந்த 1889ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சியில் அவர் இவற்றைக் காட்சிக்கு வைத்தார். குறிஞ்சிப்பாட்டை உள்ளடக்கிய பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியதும் அதே 1889ஆம் ஆண்டில்தான் என்று அண்ணாச்சி நினைவூட்டினார். ஆம்பல் இரண்டு இடங்களில் ஒரே ஆண்டில் வெளிப்பட்டதென்று கொள்ளலாம்.

குளத்தின் குறுக்கே பச்சை வண்ணம் பூசிய சப்பானியப் பாணிப் பாலம். அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வோர் கூட்டம் ஓயவில்லை. ஒரு தோட்டக்காரர் தட்டைப் படகில் இருந்தபடி பழுத்த இலைகளை அகற்றிக்கொண்டிருந்தார். மோனேயின் காலத்திலும் ஒருவர் நாள்தோறும் படகில் சென்று இலைகளின் தூசியைக் கழுவுவாராம். சாலைப் புழுதி பொறுக்காமல் மோனே தம் செலவிலேயே அச்சாலைக்குத் தார் இட்டார். ஊராருக்கு அதில் மகிழ்ச்சி இருந்திருக்கும்.

கரையில் ஓர் இருக்கையில் அமர்ந்தோம். மாணவரின் துணைவியார் கட்டித்தந்த எலுமிச்சைச் சோற்றைத் தோட்டத்துக்குள் உண்ணலாகாது என்றமையால் பொதி பிரியாமலே இருந்தது. அப்போதுதான் மாணவர் மோனேயின் கண்களைப் பற்றிச் சொன்னார். 1912இல் அவருக்கு இரு கண்ணிலும் புரை என்று மருத்துவர்கள் அறிவித்தனர். அதற்கு முந்தைய ஆண்டு ஆலிசு அம்மையார் இறந்திருந்தார். 1914இல் மூத்த மகனும் இறந்தான். அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. போர்க்காலத்தில், பார்வை மங்க மங்க, ஆளுயரப் பெருந்திரைகளில் இக்குளத்தை வரையத் தொடங்கினார். புரை கண்ணுக்குள் மஞ்சளும் பழுப்புமாய்த் திரையிடும். நீலமும் ஊதாவும் முதலில் மறையும். வண்ணக் குழாய்களின் மேலுள்ள பெயரைப் படித்தும், தட்டில் எது எங்கே என்ற வரிசையை நினைவில் வைத்தும் வரைந்தார். அக்காலத்தில் அவர் தீட்டிய பாலத்தின் படங்களில் பச்சைப் பாலம் செம்பழுப்பாய் எரிகிறது.

"பின் ஏன் பன்னிரண்டில் சொன்னதைச் செய்யவில்லை?" என்று கேட்டார் அண்ணாச்சி. அச்சந்தான் காரணம். அவருடைய தோழியும் ஓவியருமான மேரி கசாட் கண் அறுவைகள் செய்துகொண்டும் பயனின்றிப் பார்வையிழந்தார். அதைக் கண்ட மோனே ஒவ்வோராண்டாகத் தள்ளிப்போட்டார். பதினோராண்டுகள். பிரான்சின் தலைமையமைச்சராக இருந்த கிளெமான்சோ அவருடைய நெருங்கிய நண்பர், மருத்துவம் பயின்றவருங்கூட. அவர் விடாமல் வற்புறுத்தியதன் பேரில் 1923இல் கூத்தெலா என்னும் மருத்துவரிடம் வலக்கண்ணை ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. பல நாட்கள் கட்டிய கண்களோடு அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்தது. கட்டவிழ்த்தபின் எல்லாம் நீலமாய்த் தெரிகின்றதென்று சினந்தார், கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார், மருத்துவரைக் கடிந்துகொண்டார். நாளடைவில் தேறி, தம் படங்களை மீண்டும் திருத்தினார். இடக்கண்ணை மட்டும் இறுதிவரை அறுவைக்குத் தரவில்லை.

"பதினோராண்டு" என்று அண்ணாச்சி ஒருமுறை தமக்குள் சொல்லிக்கொண்டார். பெரியப்பா திண்ணையில் இருந்த ஆண்டுகளும் அத்தனையே. எங்களுள் இளையவருக்கு அது அப்போதே உறைத்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவ்வறுவையில் கண்ணின் வில்லையை எடுத்தார்களே ஒழிய அதற்கு ஈடாக ஒன்றும் வைக்கவில்லை. தடித்த கண்ணாடியே கதி. வில்லையை எடுக்கும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நிறுவிய தாவியேல் என்னும் மருத்துவரும் இதே நார்மண்டியில் பிறந்தவர். அதற்கு முன்பு, நம் சுசுருதர் சொன்னதுபோல், புரையை ஊசியால் ஒருபுறம் தள்ளிவிடுவதே வழக்கம். கி.பி. 1000ஐ ஒட்டிக் கெய்ரோவில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்-மவ்சிலி உட்துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுத்ததை எழுதிவைத்தார். அவர் காலத்திலேயே அந்நகரில் இருந்த இப்னுல் ஹைதம்தான், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதைத் தம் கிதாபுல் மனாழிரில் விளக்கினார். கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை 1949இல் இலண்டனில் ஹாரல்டு ரிட்லியால் தொடங்கிற்று. மோனேக்கும் அது கிட்டவில்லை, பெரியப்பாவின் காலத்து ஊர்ப்புறத்தாருக்கும் கிட்டவில்லை. இன்று அவ்வில்லைகள் மதுரையிலேயே செய்யப்படுகின்றன. அரவிந்து கண் மருத்துவமனையினர் 1992இல் அதற்கெனத் தனித் தொழிலகமே தொடங்கினர். இவற்றையெல்லாம் இளையவர் ஈராண்டுகளாகச் சொல்லிவந்தவர்தாம். ஒருவர் சொல்லைவிட ஒரு குளக்கரை சில வேளை நன்றாக எடுத்துரைக்கிறது.

இப்போது நாம் காணும் தோட்டம் மோனே விட்டுச்சென்றது அப்படியே அன்று. அவருடைய மருமகள் பிளான்சு 1947இல் மறைந்தபின் அது கவனிப்பாரற்றுப் போயிற்று. 1966இல் இளைய மகன் மிசேல் விபத்தில் இறந்தபோது சொத்து நுண்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. பாலம் இற்றுப்போயிருந்தது, குளக்கரை சரிந்திருந்தது. 1977இல் வான் தெர் கெம்ப் என்பவர் பொறுப்பேற்றுக் குளத்தை மீண்டும் தோண்டி, பாலத்தைப் புதிதாய்க் கட்டி, பழைய படங்களையும் குறிப்புகளையும் கொண்டு செடிகளை நட்டு, 1980இல் பொதுமக்களுக்குத் திறந்தார். செல்லரித்த ஏட்டிலிருந்து நல்ல பாடம் கண்டு பதிப்பித்ததற்கு இதனை ஒப்பிடலாம் என்றார் அண்ணாச்சி. பதிப்பில் பாடவேறுபாடுகள் இருக்கும். அதற்காக ஏட்டைக் கறையானுக்கு விட்டுவிட முடியாது.

பிற்பகலில் ஆம்பல்கள் குவியத் தொடங்கின. தேவாலயத்தின் அருகே உள்ள மோனேயின் கல்லறையைக் கண்டு, சாலையோரப் புல்தரையில் எலுமிச்சைச் சோற்றை உண்டு, வந்த வழியே மிதித்தோம். திரும்பும்போது அண்ணாச்சி தாமே முன்னே சென்றார். கடையில் அவர் வாங்கியது ஒரேயொரு படம். குளத்தின் படமாயிருக்கும் என்று எண்ணினோம், அடுக்களையின் படம். தொடர்வண்டியில் அதை ஒளியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒராஞ்சரி காட்சியகத்துக்குச் சென்றோம். போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, மோனே கிளெமான்சோவுக்கு எழுதித் தம் குளப்படங்களை நாட்டுக்கு அளிக்க முன்வந்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1927இல், இரு நீள்வட்டக் கூடங்களில் அவை திறந்துவைக்கப்பட்டன. மொத்த நீளம் தொண்ணூறு மீட்டருக்கும் மேல். கரையே காட்டப்படாத நீர். வானம் நீருக்குள் கிடக்கிறது. அண்ணாச்சி நடுவிலிருந்த இருக்கையில் ஒரு மணி நேரம் இருந்தார். "எது நீலம், எது பச்சை என்று கேட்கமாட்டேன். நீங்கள் இருவரும் பேசாமல் இருங்கள்" என்றார். நாங்கள் அவ்வாறே இருந்தோம்.

எங்களை ஜிவர்னிக்கு அழைத்துச் சென்றதில் உள்நோக்கம் ஏதும் உண்டா என்று விடைபெறும்போது மாணவரைக் கேட்டோம். "நீங்கள் இருவரும் வகுப்பில் நேரே சொல்லித்தந்தது குறைவு, ஐயா" என்றார்.

2024 சனவரியில் திருநெல்வேலியில் அண்ணாச்சிக்கு வலக்கண்ணில் அறுவை நடந்தது. காலையில் சென்றவர் மாலையில் வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்து இளையவர் பார்க்கச் சென்றபோது அவர் திண்ணையில் அமர்ந்து அடுக்களைப் படத்தைக் கையில் வைத்திருந்தார். ஒரு கண்ணை மூடி ஒருமுறை, மறு கண்ணை மூடி ஒருமுறை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குறிப்பேட்டுப் பெட்டி திறந்து கிடந்தது. நீலம் என்று எழுதியிருந்த பக்கங்களில் எல்லாம் தாள் துண்டு செருகியிருந்தார். மீண்டும் சரிபார்க்க வேண்டுமாம்.

"இடக்கண்ணுக்கு எப்போது என்று கேட்டுவிட்டு வா, தம்பி" என்றார்.